எட்னாவுக்குக் கூட்டிப் போனவர்

நாய்க்குச் சாப்பாடு வைத்துக்கொண்டிருந்தபோதுதான் மங்கையற்கரசியின் போன் சிணுங்கியது. ஒரு கையில் கோழி மணம் அடிக்கும் உருண்டைகள் நிறைந்த கோப்பை. மறு கையால் போனை எடுக்கப் போனால், கோக்கோ தன் முன்னங்கால்களைத் தூக்கி அவள் இடுப்பில் போட்டுவிட்டது. கோக்கோ மருமகள் துவாரகா வளர்க்கும் நாய். கரடிக்குட்டி அளவு உடம்பு, கரடிக்கு இருக்கும் புத்திகூடக் கிடையாது. அவளுக்கும் அதற்கும் முதல் நாளிலிருந்தே ஏழாம் பொருத்தம். அவள் "இரு" என்றால் அது எழும்பி நிற்கும்; "போ" என்றால் மடியில் ஏறப் பார்க்கும். அதற்கு ஆங்கிலம் மட்டும்தான் விளங்கும் என்று மகன் ஜெனோசன் விமானம் ஏறப் போகும்போது சொல்லிவிட்டுப் போயிருந்தான். ஆக, இந்தப் பெரிய வீட்டில் அவளோடு இருக்கும் ஒரே உயிருக்கும் அவள் பேசுவது விளங்காது.

போனில் வந்திருந்தது ஒரு படம். கறுத்த மலைச்சரிவு, புல் பூண்டு இல்லை. வெள்ளை வான் ஒன்றின் திறந்த கதவு, அதில் சாய்ந்தபடி சிவப்பு ஜக்கெட்டோடு துவாரகா. எட்னாவுக்கு வந்துவிட்டோம் அம்மா என்று கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. வானை ஓட்டி வந்தவர் படத்தில் இல்லை. மங்கையற்கரசி இரண்டு விரலால் படத்தைப் பெருப்பித்து வானின் முன்கண்ணாடியைத் தேடிப் பார்த்தாள். கண்ணாடியில் வானமும் முகிலும்தான் தெரிந்தன. கோக்கோ பொறுமை இழந்து ஒரு தரம் குரைத்தது.

அவள் வழக்கமாக இருப்பது ரொறன்ரோவில், மோர்னிங்சைட்டில். அங்கே பதினோராம் மாடியில் இரண்டு அறை. கீழே இறங்கினால் பஸ், பஸ்ஸில் ஏறினால் தமிழ்க்கடை, கடைக்குப் போனால் யாராவது ஒருத்தி பிடித்து வைத்து அரை மணித்தியாலம் தலையைத் தின்பாள். அப்போது எரிச்சலாகத்தான் இருக்கும். நகரத்துக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லுக்கு வந்து மகனுடைய இந்த வீட்டுக்குள் தனியாக இருந்த பிறகுதான், தலையைத் தின்ன ஆள் இருப்பதும் ஒரு கொடுப்பினை என்று விளங்கியது. தெரு முழுக்க ஒரே அச்சில் வார்த்த வீடுகள். காலையில் கராஜ் கதவுகள் திறக்கும், கார்கள் போகும்; பின்னேரம் கார்கள் வரும், கதவுகள் மூடும். மனிதரைக் காண முடியாது. ஒரு பக்கற் பால் வாங்கக் கார் வேண்டும், அவளுக்குக் கார் ஓடத் தெரியாது. ஐந்தாவது கலியாண நாளுக்கு மகனும் மருமகளும் இத்தாலி பார்க்கப் போகிறார்கள், நாயையும் வீட்டையும் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்றபோது, அவள் மறுபேச்சில்லாமல் சம்மதித்தாள். சம்மதித்த காரணம் நாய் அல்ல.

இன்றைக்கு அந்த வெள்ளை வானை ஓட்டுகிறவர் அவளுடைய புருசன். பின்சீற்றில் இருக்கும் ஜெனோசனுக்கு அவர் தகப்பன். அது ஜெனோசனுக்குத் தெரியாது. அவனைப் பொறுத்தவரை அப்பா அவனுடைய ஒன்பதாவது வயதில் நெஞ்சு வருத்தத்தில் செத்துப்போனார்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதே குசினி மேசையில்தான் அது நடந்தது. துவாரகா ஐபாட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தாள். சிசிலித் தீவில் எட்னா என்று ஒரு எரிமலையாம், இப்போதும் புகைகிறதாம். கூட்டத்தோடு பஸ்ஸில் போகாமல், தனி வானில் ஒரு ஆளை ஒரு நாளைக்கு எங்களுக்கென்றே பிடித்துக்கொண்டு போகலாமாம். ஓட்டுகிற ஆட்களின் படங்கள் வரிசையாக இருந்தன. "மாமி, நீங்களே ஒராளைச் சொல்லுங்கோ. உங்கட கைராசிக்கு நல்ல ஆளா வரும்" என்று துவாரகா விளையாட்டாக ஐபாட்டை அவள் பக்கம் திருப்பினாள். நாலைந்து வெள்ளைக்காரர்கள். அவர்களுக்கு நடுவில் ஒரு மண்ணிற முகம். தலை வழுக்கை, மீசை இல்லை, கண்ணாடி. இடது புருவம் மட்டும் கொஞ்சம் உயர்ந்து, எதையும் முழுக்க நம்பாத மாதிரி ஒரு பார்வை. கீழே 'சிவா' என்று பெயர்.

அவர் அந்தத் தீவில்தான் இருக்கிறார் என்பது அவளுக்கு முன்பே தெரியும். முகம் இப்படியாகிவிட்டது என்பதுதான் தெரியாது. அவளுடைய விரல் நீண்டு அந்த முகத்தில் நின்றது. மூளையைக் கேட்டுக்கொண்டு நீண்ட விரல் அல்ல அது.

"உவரை எடுங்கோ" என்றாள்.

"ரிவியூஸ் எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றான் ஜெனோசன்.

பதிவு துவாரகாவின் பெயரில் நடந்தது: துவாரகா ஸ்ரீஸ்கந்தராசா. கனடாவில் தகப்பனின் பெயர் பிள்ளைக்குக் குடும்பப் பெயராகிவிடுகிறது, பிள்ளை கட்டிய பெண்ணுக்கும் அதுவே தொடர்கிறது. இந்த வீட்டுக்கு வரும் தபாலெல்லாம் ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு. நாய்க்கு ஊசி போடும் இடத்தில்கூட கோக்கோ ஸ்ரீஸ்கந்தராசா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒருநாளும் இந்த நாட்டில் கால் வைக்காத மனிதனுக்கு இங்கே ஒரு நாய் வாரிசு. ரொறன்ரோவிலிருந்து தன் சொந்தப் பெயர் ஒரு பெண்ணின் பெயரோடு ஒட்டிக்கொண்டு வருவதைக் கண்டால் ஸ்ரீஸ்கந்தராசா என்ன செய்வார்? விளங்காமல் இருக்க அவர் முட்டாள் அல்ல. வேலையை வேறொருவருக்குக் கைமாற்றிவிட்டு ஒளிந்துகொள்ளலாம். ஒளிவது அவருக்குப் புதிதல்ல. அல்லது வரலாம். வந்தால் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். இந்த மூன்று மாதமும் மங்கையற்கரசி சோறு தின்றதும் நித்திரை கொண்டதும் இந்தக் கேள்விகளோடுதான்.

ஜெனோசனுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது அவர் யாழ்ப்பாணத்தில் கொக்குவில் ஊரைவிட்டு வெளிக்கிட்டார். ஆட்களை வெளிநாடு அனுப்பும் ஏஜென்சிக்காரன் இத்தாலியில் கொண்டுபோய் விட்டான். பிறகு அவர் அனுப்பிய காசில்தான் அவளும் பிள்ளையும் கனடா வந்து, பார்க்டேலில் அவளுடைய அண்ணன் ஜெயரட்ணத்தின் வீட்டில் ஒரு அறையில் இருந்தார்கள். அவர் பின்னாலேயே வருவதாகத் திட்டம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போன் வரும். பிள்ளை குளித்து, தலை இழுத்து, போனுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருப்பான். போனில் கதைப்பவருக்கு உன் தலை தெரியாதடா என்று ஜெயரட்ணம் பகிடி பண்ணுவான். பிறகு ஒரு புரட்டாசி மாதம், அடுத்த கிழமை எடுக்கிறன் என்று வைத்த போன் மறுபடி வரவில்லை. ஆறு மாதம் கழித்து, எட்னாவின் அடிவாரத்தில் உள்ள கற்றானியா நகரத்திலிருந்து வந்த ஒருவர் ஜெயரட்ணத்திடம் விசயத்தைச் சொன்னார். நீர்கொழும்புப் பெண் ஒருத்தியோடு வீடு எடுத்து இருக்கிறாராம், அந்தப் பெண்ணுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறதாம். அந்த ஞாயிற்றுக்கிழமையும் ஜெனோசன் தலை இழுத்துக்கொண்டு கதிரையில் இருந்தான். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அவள் சொன்னாள், கற்றானியாவின் பெயரை எடுக்காமல், அப்பா மிலானில் செத்துப்போனார் என்று. செத்த தகப்பனுக்குப் பிள்ளை கொஞ்ச நாள் அழும், பிறகு விளையாடப் போய்விடும். வேண்டாமென்று போன தகப்பனுக்கு எத்தனை நாள் அழுவான் என்று அவளுக்குக் கணக்குத் தெரியவில்லை. அவன் அழுதான். அடுத்த மாதம் விளையாடப் போனான். அந்த மட்டில் தான் செய்தது சரி என்றுதான் அவள் இன்றைக்கும் நினைக்கிறாள்.

ஆனால் பொய் ஒரு இடத்தில் நிற்கிற சாமான் அல்ல. பொட்டை அழிக்க வேண்டி வந்தது, தாலியைக் கழற்ற வேண்டி வந்தது. பதினாறு வயதில் ஜெனோசனே வந்து, என்னுடைய பிரண்ட்ஸ் எல்லாம் தங்கள் அப்பாவுக்குச் செய்கிறார்கள், நாங்களும் திவசம் செய்ய வேண்டும் என்று நின்றான். ஐயர் திதி கேட்டார். அவள் கடைசிப் போன் வந்த நாளைச் சொன்னாள். அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, புரட்டாசி அபரபக்கச் சத்தமி என்று எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து வருசா வருசம் உயிரோடு இருக்கும் மனிதனுக்கு மகன் எள்ளும் தண்ணீரும் விடுகிறான். அவனுடைய கலியாணத்தில் ஆராத்தி எடுக்கச் சுமங்கலிகளைக் கூப்பிட்டபோது, புருசன் எங்கோ வான் ஓட்டிக்கொண்டிருக்க, அவள் சுவரோரமாக ஒதுங்கி நின்றாள். இதெல்லாம் தெரிந்த மற்ற ஒரே ஆள் ஜெயரட்ணம். அவனும் முந்தின மாரியில் போய்ச் சேர்ந்துவிட்டான். அவனுடைய செத்தவீட்டில் அவள் அழுத அழுகையைப் பார்த்து, அண்ணனில் எவ்வளவு பாசம் என்று சனம் கதைத்தது. பாசம்தான். அதோடு, இனி இந்த உண்மையை வைத்துக்கொண்டு உலகத்தில் தான் ஒருத்திதான் என்ற பயமும்.

போன் மறுபடி சிணுங்கியது. ஜெனோசனுக்குத் தமிழ் எழுத வராது, நீட்டிச் சொல்வதென்றால் குரலில் அனுப்புவான். அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அழுத்தினாள்.

"அம்மா, நம்பமாட்டீங்கள். டிரைவர் தமிழ் ஆள்! யாழ்ப்பாணம்! காலமை ஹோட்டலுக்கு வந்ததிலயிருந்து ஃபுல்லா இங்கிலிஷ்தான் கதைச்சவர். பிறகு துவாரகா என்னட்டத் தமிழில என்னவோ கேக்க, கண்ணாடியால பாத்து, 'பிள்ளையள் எவ்விடம்?' எண்டு கேக்கிறார். ஸோ நைஸ் அம்மா. வழியில நிப்பாட்டி எங்களுக்குத் தேன் எல்லாம் வாங்கித் தந்தவர்."

வந்திருக்கிறார்.

மங்கையற்கரசி குசினித் தரையில் அப்படியே இருந்துவிட்டாள். பெயரைக் கண்டும் ஓடவில்லை, வந்திருக்கிறார். காலையில் எழும்பி, முகம் வழித்து, வானைக் கழுவி, ஹோட்டல் வாசலில் போய் நின்றிருக்கிறார். மகன் படியிறங்கி வருவதைப் பார்த்திருப்பார். என்ன நினைத்திருப்பார்? அவளுக்குச் சந்தோசமா துக்கமா என்று பிரித்தறியத் தெரியவில்லை. பார்க்கட்டும், தான் விட்டுவிட்டுப் போனது எப்படி வளர்ந்து நிற்கிறது என்று ஒரு நாள் முழுக்க இருந்து பார்க்கட்டும் என்று மனம் கறுவியது. அதே மனம், பசி கிடந்துதான் ஓடுகிறாரோ என்றும் கேட்டது. அந்தக் கேள்விக்காக அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. கோக்கோ அதற்குள் கோப்பையைக் காலி பண்ணிவிட்டு அவள் முழங்கையை நக்கிக்கொண்டிருந்தது.

அவள் எழும்பித் தேத்தண்ணீர் வைத்தாள். யன்னலுக்கு வெளியே புல்லில் மஞ்சள் பூக்கள், எதிர்வீட்டுக் கராஜ் கதவு, அதற்கு மேல் ஒரே நீலமாக வானம். அங்கே இப்போது மத்தியானம் கழிந்திருக்கும். தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது குரல் வந்தது. இந்த முறை பின்னால் காற்று இரைந்தது. ஜெனோசனின் குரலில் முன்னைய துள்ளல் இல்லை.

"அம்மா... அங்கிள் கேட்டவர், அப்பா எங்க எண்டு. தவறிட்டார் எண்டன். சின்னனிலயே. நான்தான் ஒவ்வொரு வருசமும் திவசம் செய்யிறனான் எண்டும் சொன்னன். ஹீ வாஸ் வெரி க்வயட். அவரும் கொக்குவிலாம். அப்ப அப்பாவைத் தெரிஞ்சிருக்குமோ எண்டு, எங்கட வீட்டில மாலை போட்டிருக்கிற படம் போனில இருந்தது, அதைக் காட்டினன். கனநேரம் பாத்தவர். பிறகு தெரியாது எண்டிட்டார். வானை ஓரமா விட்டிட்டு இறங்கிப் போய்க் கொஞ்சநேரம் தனிய நிண்டவர்." ஒரு இடைவெளி. "அவருக்குப் பேர் சிவபாதமாம். வெப்சைட்டில சிவா எண்டு இருந்தது, அதுதான்." மறுபடி இடைவெளி, இந்த முறை நீளமாக. அவன் மூச்சு விடுவது கேட்டது. அதோடு குரல் முடிந்துவிட்டது.

அவள் அதைத் திரும்பப் போட்டுக் கேட்டாள். மூன்றாம் தரமும் கேட்டாள்.

சிவபாதம் அவருடைய தகப்பனின் பெயர். இத்தாலிக் கடதாசிகளில் தகப்பன் பெயர் முன்னுக்கு வந்து அதுவே ஆளின் பெயராகியிருக்கும். அதனால்தான் வெள்ளைக்காரர்களுக்கு அவர் சிவா. மகனின் வாயால் ஸ்ரீஸ்கந்தராசா என்ற பெயரைக் கேட்டபின், தன் பெயரில் எந்தப் பாதி மகனுக்குத் தெரியாதோ அந்தப் பாதியைச் சொல்லித் தப்பிவிட்டதாக அவர் நினைத்திருப்பார். கனடாவில் வளர்ந்த பிள்ளைக்கு அப்பப்பாவின் பெயர் எங்கே தெரியப்போகிறது? அவர் நினைத்ததில் பிழையில்லை. வேறு எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. ஆனால் திவசத்தில் ஐயர் மூன்று தலைமுறைப் பெயர் கேட்பார். தகப்பன் பெயர், தகப்பனின் தகப்பன் பெயர், அவருக்கும் தகப்பன் பெயர். முதல் வருசம் ஜெனோசன் அவற்றை ஆங்கில எழுத்தில் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனான். பிறகு எழுதத் தேவைப்படவில்லை. தர்ப்பையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு புரட்டாசியும் சொல்லியிருக்கிறான்: ஸ்ரீஸ்கந்தராசா, சிவபாதம், வைத்திலிங்கம். அந்த மனிதன் செத்திருந்தால்தான் மகனுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். தான் செத்துப்போனவன் என்பதை இன்று மத்தியானம்தான் அறிந்த மனிதன் அதை யோசிக்க நியாயமில்லை. ஐபாட்டில் 'சிவா' என்று கண்டபோது, அப்பாடா, பொதுப்பெயர், காட்டிக்கொடுக்காது என்று மூச்சுவிட்டவளும் அதை யோசிக்கவில்லை.

சிவபாதம் என்று ஊரில் நூறு பேர் இருப்பார்கள் என்று அவள் தனக்குச் சொன்னாள். அவனும் அப்படித்தான் நினைத்திருப்பான். அவனுக்கு வேலையில், வீட்டில், ஆயிரம் யோசனை. இவ்வளவு தூரம் போட்டு உருட்டமாட்டான். ஆனால் குரலின் முடிவில் கேட்ட அந்த மூச்சு அவளை விடவில்லை. சின்னவனாக இருக்கும்போது கணக்குப் பிழைத்தால், விடையைச் சொல்லாமல் அப்படித்தான் மூச்சு விடுவான்.

போன் அடித்தது. வீடியோ.

அவள் எடுத்தாள். எடுக்காமல் விட்டிருக்கலாம், ஆனால் கை எடுத்துவிட்டது.

"எழும்பிட்டீங்களோ அம்மா?" ஜெனோசனின் முகம் காற்றில் சிவந்திருந்தது. தலைக்கு மேல் கறுப்புச் சரிவும், அதற்கு மேல் வெள்ளையாகப் புகையோ முகிலோ ஒன்றும் தெரிந்தன.

"ஓம். நாய்க்குச் சாப்பாடும் வச்சிட்டன். துவாரகா எங்க?"

"கீழ கஃபேயில இருக்கிறா, கால் ஏலாதாம். நானும் அங்கிளும் மேல எரிமலைக் குழியைப் பாக்கப் போறம்." அவன் ஒரு கணம் நிறுத்தினான். "அம்மா, அங்கிளோட ஒருக்காக் கதையுங்கோவன். உங்கட ஊர்ப்பக்கம்தானே."

"வேண்டாம் தம்பி, நான் தலையும் இழுக்கேல்லை..."

சொல்லி முடிவதற்குள் படம் ஆடியது. வானம், கல், ஒரு சப்பாத்து, பிறகு அந்த முகம். ஐபாட்டில் இருந்ததைவிட வயது கூடத் தெரிந்தது. கண்ணாடிக்குள் கண்கள் கலங்கியிருந்தன. காற்றாகவும் இருக்கலாம்.

"வணக்கம் அக்கா" என்றார்.

தாலி கட்டிய மனிதன், அவளைவிட நாலு வயது மூத்தவர், அக்கா என்கிறார். வேறொரு நாளாக இருந்தால் அவளுக்குச் சிரிப்பு வந்திருக்கும். வணக்கம் என்று திருப்பிச் சொன்னாள். குரல் எப்படியோ வந்துவிட்டது.

"பிள்ளையள் தங்கமான பிள்ளையள். நல்லா வளத்திருக்கிறியள்."

"தனியத்தான் வளத்தனான்."

சொல்ல வேண்டுமென்று நினைத்துச் சொல்லவில்லை. அவர் தலையை ஆட்டினார். காற்றில் போன் ஆடியதில் அவர் முகம் சட்டத்துக்குள் வந்தும் போயும் நின்றது. ஜெனோசன் பக்கத்தில்தான் நின்றான். அவனுடைய தோளின் ஒரு துண்டு மட்டும் தெரிந்தது.

"தம்பின்ர தகப்பன்..." அவர் ஜெனோசன் நின்ற பக்கம் ஒரு தரம் பார்த்தார். "எப்ப தவறினவர் அக்கா?"

அவளுக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. என்ன துணிவு. இவ்வளவு காலமும் சுமந்தவளிடம் வந்து, தன் சாவு எந்த நாள் என்று விசாரிக்கிறார். பிறகு அந்தக் கண்களைப் பார்த்தாள். அவர் விசாரிக்கவில்லை. எந்த நாளோடு தன்னை அவள் கணக்குத் தீர்த்தாள் என்று கேட்கிறார்.

"புரட்டாசியில" என்றாள். "ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். அடுத்த கிழமை எடுக்கிறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனை வச்சவர். பிறகு எடுக்கேல்லை."

காற்று இரைந்தது. அவர் கீழே எங்கோ பார்த்தார்.

"எடுத்திருக்கலாம்" என்றார் மெல்ல.

"ஓம்."

மங்கையற்கரசிக்கு அவரை வைய வேண்டும் போலவும், சாப்பிட்டீர்களா என்று கேட்க வேண்டும் போலவும், பிள்ளையிடம் இப்பவே சொல்லுங்கோ, நான் சொல்லமாட்டன், நீங்கள் சொல்லுங்கோ என்று கத்த வேண்டும் போலவும் இருந்தது. இதற்காகத்தான் தன் விரல் அன்றைக்கு நீண்டது என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. சொல்கிற வேலையை அவர் தலையில் கட்டிவிடலாம் என்றுதான். அவரோ சொல்லாமல், அவள் சொன்ன பொய்க்குள் வந்து வாயை மூடிக்கொண்டு குந்திவிட்டார். அது அவளுக்குச் செய்கிற மரியாதையா, பழைய ஒளிப்புத்தானா என்று தெரியவில்லை.

"இஞ்சாருங்கோ" என்றாள். "மேல காத்தாம். பிள்ளையைக் கவனமாக் கூட்டிக்கொண்டு போங்கோ."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. புருசனைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத பெண்சாதி கூப்பிடும் சொல் அது. அந்தக் கடைசிப் போனுக்குப் பிறகு எந்த மனிதனையும் அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. கடைக்காரனை, டாக்குத்தரை, சொந்த அண்ணனைக்கூட. வாய்க்குள் எங்கே கிடந்ததோ, தானாக எழும்பி வந்துவிட்டது. அவருடைய முகம் கோணியது. கண்ணாடியைக் கழற்றினார்.

போன் கைமாறியது. ஜெனோசன் திரையில் வந்தான். சிரிக்கவில்லை. மலையையோ புகையையோ காட்டவில்லை. அவளுடைய முகத்தையே, இழுக்காத தலையிலிருந்து நாடிவரை, புதிதாகப் பார்ப்பவன் போலப் பார்த்தான்.

"சரி அம்மா. நான் பிறகு எடுக்கிறன்."

"தம்பி..."

திரை இருண்டது. ஆனால் தொடர்பு அறுபடவில்லை. அவன் அழுத்த மறந்து போனை ஜக்கெட் பைக்குள் போட்டிருக்க வேண்டும். மறந்தானா, வேண்டுமென்றே விட்டானா, அவளால் சொல்ல முடியவில்லை. துணி உரசும் சத்தம். காற்று. பிறகு சப்பாத்துகள் சரளைக் கல்லை மிதித்துக்கொண்டு ஏறும் சத்தம், ஒரு சோடி முன்னால், ஒரு சோடி கொஞ்சம் பிந்தி. பிந்திய காலடிக்குச் சொந்தக்காரருக்கு மூச்சு வாங்கியது. அவள் போனைக் காதில் வைத்தபடி குசினியில் நின்றாள். வைத்துவிடு என்று ஒரு மனம் சொன்னது. மகன் திரும்பி வருவான், போன அதே ஜெனோசனாகவே வருவான், புரட்டாசி வரும், எள்ளும் தண்ணீரும் விடுவான், எல்லாம் இருந்தபடி இருக்கும். அவளுக்கென்று இருப்பது அவன் ஒருத்தன்தான். அவன் இனித் தன்னை எந்தக் கண்ணால் பார்ப்பான் என்று பயந்தாள். இருந்தும் வைக்கவில்லை.

"அங்கிள்" என்று ஜெனோசனின் குரல் கேட்டது. துணிக்குள்ளால் வந்ததால் தூரத்தில் கேட்பது போல இருந்தது.

"சொல்லுங்கோ தம்பி."

"உங்கட அப்பான்ர பேர் என்ன?"

காலடிகள் நின்றன. முதலில் ஒன்று, பிறகு மற்றது.

மங்கையற்கரசி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். தான் ஒரு சொல் சொன்னால் அங்கே கேட்கும், கேட்டால் அவர் அதைப் பிடித்துக்கொண்டு தப்பிவிடுவார். காற்று மட்டும் இரைந்துகொண்டிருந்தது. யாரோ ஒருவருடைய கால் மெல்ல இடம் மாற, சின்னக் கல் ஒன்று கழன்று, அந்தக் கறுப்புச் சரிவில் கனதூரத்துக்கு உருண்டு போவது கேட்டது.